‘எனக்குத் தெரியும்’ என்பதை இடோ மொழியில் எப்படிச் சொல்வது?

உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட இடோ மொழியில் நான் எழுதிய முதல் கடிதத்தில் பதினோரு வாக்கியங்கள் இருந்தன. அவற்றில் நான்கில் ‘தெரியும்’ என்ற சொல் வந்தது. மூன்று தப்பு; நான்காவது தப்பில்லை, ஆனால் மூக்கைச் சுற்றித் தொட்ட மாதிரி இருந்தது. மிச்ச ஏழு வாக்கியங்களில் பெரிய பிழை இல்லை.

பதில் எழுதியவர் ஸ்பெயினில் இருக்கும் ஒரு பெரியவர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிழைகளுக்கு அவர் அடிக்கோடு போடவில்லை. என் வாக்கியங்களையே எடுத்து, சரியான உருவத்தில் தன் பதிலுக்குள் அங்கங்கே வைத்திருந்தார். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். அடுத்தவர் பிழையை இப்படியும் திருத்தலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நான் தடுக்கியதெல்லாம் ஒரே வினைச்சொல்லில் என்று தெரிந்தது. சரி, முதலில் இந்த ஒரு வினையை முழுசாகக் கற்றுக்கொள்வோம், மற்றதெல்லாம் அப்புறம் என்று முடிவு செய்தேன். அந்த வினைதான் ஸவார். ‘அறிதல்’, ‘தெரிந்திருத்தல்’ என்று பொருள்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இடோவில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்தம் மட்டும்தான். வினையின் மூல வடிவத்தில், அதாவது அகராதியில் இருக்கும் வடிவத்தில், அழுத்தம் கடைசி அசையில் விழும். மற்றச் சொற்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். அழுத்தம் விழுகிற இடத்தை நெடிலாக எழுதிக்கொள்வது என் நோட்டுப் பழக்கம். அதனால்தான் மூல வடிவம் ‘ஸவார்’, நிகழ்காலம் ‘ஸாவஸ்’. இரண்டிலும் வேர் ஒன்றுதான். இதை முதல் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட வேண்டும். நான் ஆறு மாதம் கண்ணால் மட்டும் படித்துவிட்டு, பிறகு வாயைத் திருத்துவதற்கு இன்னொரு ஆறு மாதம் செலவழித்தேன்.

இடோவைக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம். 1887-இல் ஸமென்ஹாஃப் என்ற கண் மருத்துவர், தானே உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியை வெளியிட்டார். எல்லா நாட்டினருக்கும் பொதுவான இரண்டாம் மொழி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போது ஐரோப்பாவில் பலரிடம் இருந்தது. 1901-இல் பாரிசில் லூயி கூத்யூரா, லெயோபோல் லெயோ என்ற இருவரும் சேர்ந்து, அப்படி ஒரு மொழியைத் தேர்ந்தெடுப்பதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் குழு 1907 அக்டோபரில் கூடியது. டென்மார்க்கின் மொழியியல் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், ஜெர்மன் வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். எஸ்பெராந்தோவைச் சீர்திருத்தி எழுதிய ஒரு திட்டம் ‘இடோ’ என்ற புனைபெயரில் குழுவின் முன் வந்தது. எஸ்பெராந்தோவில் ‘இடோ’ என்றால் வழித்தோன்றல், பிள்ளை. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தது தானே என்று லூயி த போஃப்ரோன் பிறகு ஒப்புக்கொண்டார். எஸ்பெராந்தோவுக்காகப் பேச வேண்டியவராக அந்தக் கூட்டத்துக்கு வந்தவர் அவர்! எஸ்பெராந்தோக்காரர்களின் மனக்கசப்பு எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் மனதார மதிக்கிறவர் கூத்யூரா. தத்துவத்திலும் கணிதத்திலும் தேர்ந்தவர், ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் தர்க்கத்தை ஆழமாக ஆராய்ந்தவர். 1908 முதல் ‘ப்ரொக்ரெஸொ’ என்ற இதழை நடத்தி, ஒவ்வொரு சொல்லாக வாதம் செய்து இந்த மொழியைச் செதுக்கினார். போரை வெறுத்தவர். 1914 ஆகஸ்ட் 3 அன்று, படைதிரட்டும் உத்தரவுகளைக் கொண்டுபோன ஒரு வாகனம் அவருடைய காரில் மோதி இறந்துபோனார். அவர் போன பிறகு இடோ பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை.

ஸவார் எங்கிருந்து வந்தது? இடோ அகராதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேருக்கும் பக்கத்தில், எந்தெந்த மொழிகளில் அந்த வேர் இருக்கிறது என்று எழுத்துகளால் குறித்திருப்பார்கள். டி என்றால் ஜெர்மன், இ ஆங்கிலம், எஃப் பிரெஞ்சு, ஐ இத்தாலியன், ஆர் ரஷ்யன், எஸ் ஸ்பானிஷ். எவ்வளவு மொழிகளில் இருக்கிறதோ அவ்வளவு பேருக்கு அந்தச் சொல் எளிது என்ற கணக்கு. 5,371 வேர்களை எண்ணிப் பார்த்ததில் 91 சதவீதம் பிரெஞ்சிலும், 79 சதவீதம் ஆங்கிலத்திலும், 61 சதவீதம் ஜெர்மனிலும் இருந்தன. ஆசிய மொழி ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை. முதலில் அது எனக்கு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. ஆனால் சொல் வேர் ஐரோப்பாவில் இருந்தாலும், வினை நடக்கிற விதம் பல இடங்களில் தமிழுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தபிறகு அந்த உறுத்தல் கொஞ்சம் ஆறியது. அதற்கு வருகிறேன்.

எஸ்பெராந்தோவில் ‘தெரியும்’ என்பதற்கு வேர் லத்தீனின் ஸ்கீரே என்ற வினையிலிருந்து வந்தது. அதை எஸ்பெராந்தோ எழுத்துப்படி உச்சரித்தால் ‘ஸ்த்ஸீஇ’ என்று வரும். சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். இடோ அதைக் கைவிட்டு, பிரெஞ்சு ஸவ்வார் பக்கம் போனது. இத்தாலியனில் ஸபேரே, ஸ்பானிஷில் ஸபேர். எல்லாவற்றுக்கும் தாய் லத்தீனின் ஸபெரெ. அந்த லத்தீன் வினைக்கு முதல் பொருள் சுவைத்தல்! நாக்கில் பட்டு ருசி தெரிவது, அதிலிருந்து விவரம் தெரிவது, அதிலிருந்து அறிவு. மனித இனத்துக்கு அறிவியலார் வைத்த ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்ற பெயரில் இரண்டாவது சொல்லும் இந்த வேர்தான்.

இப்போது என் பிழைகளுக்கு வருவோம்.

முதல் பிழை: ‘எனக்குத் தெரியும்’ என்பதை ‘அ மெ ஸாவஸ்’ என்று எழுதியிருந்தேன். ‘மெ’ என்றால் நான், ‘அ’ என்றால் நம் ‘கு’ உருபு. தமிழில் தெரிகிறவர் எழுவாய் ஆவதில்லை. அவருக்கு நான்காம் வேற்றுமை. ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்’ என்று வினை அசையாமல் நிற்கிறது, ஆள் மட்டும் மாறுகிறார். பசி, தூக்கம், காய்ச்சல் மாதிரி அறிவும் நமக்கு ‘வருகிறது’. இடோவில் அறிகிறவர்தான் எழுவாய்: ‘மெ ஸாவஸ்’. இரண்டாவது கடிதத்திலும் இதே பிழை வந்தது. மூன்றாவதிலும் வந்தது.

ஒருநாள் காலண்டர் புரூஃப் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ‘அறிவோம்’ என்று ஒரு தலைப்பு. சட்டென்று பொறி தட்டியது. தெரி என்ற வினையை விட்டுவிட்டு அறி என்ற வினையைப் பிடித்தால்? ‘நான் அறிவேன்.’ இங்கே ‘எனக்கு’ இல்லை, ‘நான்’தான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: மனதில் ‘எனக்குத் தெரியும்’ என்று வந்தால், அதை முதலில் ‘நான் அறிவேன்’ என்று தமிழுக்குள்ளேயே மாற்றிவிட்டு, பிறகு இடோவுக்குப் போவது. ‘அவளுக்குத் தெரியாது’ என்றால் ‘அவள் அறியாள்’, ‘எல் நெ ஸாவஸ்’. ஒரே வாரத்தில் அந்தப் பிழை நின்றுபோனது. இடோ படிக்கிற தமிழர் யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அன்றாடம் பேசுகிற தமிழிலிருந்து நேராகத் தாவாதீர்கள், கொஞ்சம் பழைய தமிழில் ஒரு கால் வைத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது பிழை: ‘தெரியாது’ என்பதை வெறுமனே ‘நெ ஸாவஸ்’ என்று எழுதியிருந்தேன். நாம் ‘வந்தேன்’ என்றால் போதும், வந்தது யார் என்று விகுதியே சொல்லிவிடும். இடோ வினையில் அந்த விகுதி இல்லை. மெ ஸாவஸ் (நான்), து ஸாவஸ் (நீ), இல் ஸாவஸ் (அவன்), எல் ஸாவஸ் (அவள்), நி ஸாவஸ் (நாம்), லி ஸாவஸ் (அவர்கள்) என்று எல்லாருக்கும் ஒரே ஸாவஸ். ஆகவே எழுவாயை விடக் கூடாது. பெரியவர் தன் பதிலில் ‘மெ நெ ஸாவஸ்’ என்று எழுதியபோது ‘மெ’யை மட்டும் பெரிதாக எழுதியிருந்தார், அது ஒன்றுதான் அவர் எனக்குக் காட்டிய வெளிப்படையான திருத்தம். அந்த மாதம் முழுக்க, எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஆள் இருக்கிறாரா என்று பென்சிலால் தட்டிக்கொண்டே போவேன். ஒற்றுப்பிழை தேடுகிற மாதிரியே.

விகுதிகளைப் பொறுத்தவரை மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ‘அ’ என்றால் நிகழ்காலம், ‘இ’ என்றால் இறந்தகாலம், ‘ஒ’ என்றால் எதிர்காலம். ஸாவஸ், ஸாவிஸ், ஸாவொஸ்: அறிகிறேன், அறிந்தேன், அறிவேன். இந்த மூன்று உயிர்களும் மொழி முழுக்க அதே வேலையைச் செய்கின்றன. மூல வடிவத்துக்குக்கூட மூன்று காலம் உண்டு: ஸவார் (அறிய), ஸவீர் (அறிந்திருக்க), ஸவோர் (இனி அறிய). எஸ்பெராந்தோவில் மூல வடிவம் ஒன்றே ஒன்றுதான். ‘உ’ வந்தால் நடக்காத, நடந்திருக்கக் கூடிய கற்பனை: ‘ஸெ மெ ஸாவுஸ், மெ வேனுஸ்.’ எனக்குத் தெரிந்தால் வருவேனே, ஆனால் தெரியாதே என்ற தொனி.

ஏவலுக்கு ‘எஃஸ்’. ஸாவெஃஸ் என்றால் ‘அறி’, ‘அறிந்துகொள்’. கடைசியில் இருப்பது ஈ பறக்கிற மாதிரி அதிர்கிற ஸ், அதனால் ஆய்தம் போட்டு எழுதுகிறேன். பிரெஞ்சு தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். அங்கே இதே எழுத்துகளுக்கு ‘உங்களுக்குத் தெரியும்’ என்று பொருள், உச்சரிப்பும் வேறு. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. மாறாக ஒரு சலுகை இருக்கிறது. இந்த ஏவல் முன்னிலைக்கு மட்டுமானதில்லை. ‘இல் வேனெஃஸ்’ என்றால் ‘அவன் வரட்டும்’. ‘நி ஈரெஃஸ்’ என்றால் ‘போவோம், வாருங்கள்’. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் என்று படித்தோமே, அது. ஆங்கிலம் வழியாக இலக்கணம் படித்திருந்தால் இதற்கு ஒரு பாரா விளக்கம் தேவைப்பட்டிருக்கும். வியங்கோள் என்ற ஒரு சொல்லில் எனக்கு முடிந்துபோனது.

இதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தந்த பகுதி. எச்சங்கள்.

ஸவான்த, ஸவீன்த, ஸவோன்த என்று மூன்று வடிவங்கள். நான் படித்த பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. எதிர்காலத்தைக் காட்டும் இந்த வடிவத்தை விளக்க அது பாவம் ரொம்பச் சிரமப்பட்டது, ஏனென்றால் ஆங்கிலத்தில் அப்படி ஒரு வடிவமே இல்லை. நமக்கோ அது தினசரிப் புழக்கம். அறிகிற, அறிந்த, அறியும். வருகிற மழை, வந்த மழை, வரப்போகிற மழை. பெயரெச்சம்தானே! கடைசி ‘அ’வை எடுத்துவிட்டு ‘ஒ’ போட்டால் ஆள் ஆகிவிடுகிறார்: வெனான்தொ வருகிறவர், வெனீன்தொ வந்தவர், வெனோன்தொ வரப்போகிறவர். இது வினையாலணையும் பெயர். பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட பெயர், இத்தனை வருஷம் கழித்து ஸ்பெயின்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுத உதவியது. செயப்பாட்டு வினைக்கு ன் இல்லாமல் ஸவாத்த, ஸவீத்த, ஸவோத்த: அறியப்படுகிற, அறியப்பட்ட, அறியப்படப்போகிற.

அடுத்தது இன்னும் நெருக்கம். ‘வந்திருக்கிறேன்’ என்று நாம் சொல்கிறோம். வந்து + இருக்கிறேன். ஆங்கிலத்தில் இங்கே ‘வைத்திரு’ என்ற பொருளுள்ள துணைவினை வரும். இடோவில் ‘இரு’ என்ற வினையேதான்: எஸார். ‘மெ ஏஸஸ் வெனீன்த.’ நான் வந்தவனாக இருக்கிறேன், வந்திருக்கிறேன். எஸாரைக் காலத்துக்கு ஏற்ப மாற்றினால் போதும். ஏஸிஸ் வெனீன்த, வந்திருந்தேன். ஏஸொஸ் வெனீன்த, வந்திருப்பேன். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பது ‘ஸெ மெ ஏஸுஸ் ஸவீன்த, மெ ஏஸுஸ் வெனீன்த’. இரு, இரு என்று இரண்டு இடத்திலும் அதே துணைவினை. இந்த வாக்கியத்தை முதல் தடவை எழுதிமுடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். சுருக்கமாகச் சொல்ல ‘அப்’ என்ற இடைச்சொல்லும் உண்டு: ஸவாபிஸ் என்றாலே அறிந்திருந்தேன், ஸவாபொஸ் என்றால் அறிந்திருப்பேன். நான் கடிதங்களில் நீளமான வடிவத்தையே எழுதுகிறேன். அதில்தான் தமிழ் கேட்கிறது.

ஆனால் இதே இடத்தில்தான் எனக்குப் பெரிய சறுக்கலும் நேர்ந்தது. ஒரு வருஷம் கடிதம் எழுதிய பிறகு இணையம் வழியாகக் குரலில் பேசிப் பார்க்கலாம் என்று பெரியவர் சொன்னார். அவர் அனுப்பியிருந்த ஒரு சிறு புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். ‘மெ ஏஸஸ் லெக்தீன்த...’ என்று தொடங்கினேன். படித்திருக்கிறேன் என்று அர்த்தம். மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, ‘என்ன படிக்கத் தக்கது? புத்தகமா?’ என்று நிதானமாகக் கேட்டார்.

விஷயம் இதுதான். இடோவில் ‘இந்த’ என்று ஒரு ஒட்டு உண்டு. ‘தக்க’ என்று பொருள். லெக்தீந்த என்றால் படிக்கத் தக்க. ஸவீந்த என்றால் அறியத் தக்க. லெக்தீன்த என்றால் படித்த. எழுத்தில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், ஒலியில் வல்லோசையா மெல்லோசையா என்ற வித்தியாசம். தமிழில் மெல்லெழுத்துக்குப் பின்னால் வருகிற வல்லெழுத்து தானாக மெலிந்துவிடும். பந்து, சிந்து, வந்த என்று சொல்கிற நாக்கு, லெக்தீன்த என்பதை லெக்தீந்த என்றுதான் சொல்லும். நான் ‘படித்திருக்கிறேன்’ என்று சொன்னது அவர் காதில் ‘நான் படிக்கத் தக்கவள்’ என்று விழுந்தது. நம் எழுத்துமுறை இந்த வேறுபாட்டைக் காட்டாது, நம் காதும் அதைத் தேடாது. அதனால் கண்ணுக்குத் தெரியாத பிழை.

அன்று இரவே நோட்டில் திருத்தம் செய்தேன். முடித்ததைச் சொல்லும் வடிவத்தை ‘ன்த’ என்று பிரித்தும், தக்கது என்ற ஒட்டை ‘ந்த’ என்று சேர்த்தும் எழுத ஆரம்பித்தேன். தமிழ் முறைப்படி ‘ன்த’ பிழையான கூட்டு. புரூஃப் பார்க்கிற கண் அதில் தடுக்கும், தடுக்கினால் நாக்கும் நிற்கும். அந்த ஒரு நொடித் தடுமாற்றம் போதும், ‘த’ வலித்து வந்துவிடுகிறது. அதோடு தினமும் இந்த ஜோடிகளைச் சத்தமாகச் சொல்வேன்: ஸவீன்த, ஸவீந்த. லெக்தீன்த, லெக்தீந்த. விதீன்த, விதீந்த, பார்த்த, பார்க்கத் தக்க. இடையில் ஒரு மெல்லிய தாளை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வல்லோசைக்குத் தாள் கொஞ்சம் கூடுதலாக அசைகிறதா என்றும் பார்ப்பேன். மூன்று மாதத்தில் பிடிபட்டது. வேறு எந்த ஐரோப்பிய மொழியைக் கற்கிற தமிழருக்கும் இந்தப் பயிற்சி வீண்போகாது என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது பிழையை இன்னும் சொல்லவில்லை. ‘அவரை எனக்குத் தெரியும்’ என்பதற்கு ‘மெ ஸாவஸ் லு’ என்று எழுதியிருந்தேன். செய்தி தெரிவதும் ஆள் தெரிவதும் நமக்கு ஒரே ‘தெரியும்’. ஐரோப்பாவின் பல மொழிகளில் அவை இரண்டு வினைகள். இடோவிலும் அப்படியே. விவரம் தெரிந்தால் ஸவார். ஆளையோ ஊரையோ பழகித் தெரிந்திருந்தால் கொனொத்ஸார். ‘மெ கொனோத்ஸஸ் லு’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ‘லு’ என்பது அவன், அவள், அது மூன்றுக்கும் பொதுவான சொல், ஆண் பெண் சொல்ல விருப்பமில்லாதபோது கைகொடுக்கும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. விதியாகப் படித்தால் புரியும், எழுதும்போது மறந்துபோகும். கடைசியில் வழிகாட்டியது மறுபடி தமிழ்தான். ஒருவரைத் தெரியும் என்பதற்கு நம்மிடம் இன்னொரு சொல் இருக்கிறதே: அறிமுகம். அறி, முகம். முகம் வைத்துச் சொல்ல முடிகிற அறிவு கொனொத்ஸார். முகம் இல்லாத அறிவு ஸவார். ‘அவருடைய பெயர் எனக்குத் தெரியும்’, பெயருக்கு முகம் இல்லை, ஸாவஸ். ‘அவரை எனக்குத் தெரியும்’, முகம் உண்டு, கொனோத்ஸஸ். ஊருக்கும் ஒரு முகம் உண்டு என்று வைத்துக்கொண்டால் அதுவும் சரியாக வந்துவிடும்.

கொனொத்ஸாரின் வேரைத் தேடியபோது இன்னொன்று கிடைத்தது. லத்தீனின் கொக்னோஸ்கெரெ, இத்தாலியனின் கொனோஷெரெ, ஸ்பானிஷின் கொனொஸேர் என்று பின்னால் போனால், வேர் ‘க்னோ’. ஆங்கிலத்தின் நோ, ஜெர்மனின் கென்னன், ரஷ்யனின் ஸ்னாத் எல்லாம் அதே வேரின் கிளைகள். சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘ஞா’. அங்கிருந்து நம்மிடம் வந்தது ஞானம், விஞ்ஞானம். நான் மாதாமாதம் ஆன்மிகக் காலண்டர்களில் ஒற்றுப்பிழை பார்த்துத் திருத்துகிற அந்த ‘ஞானம்’ என்ற சொல், ஸ்பெயின்காரருக்கு நான் எழுதுகிற கொனோத்ஸஸுக்குத் தூரத்துச் சொந்தம். ஆசிய மொழி ஒன்றுகூடக் கணக்கில் இல்லை என்று உறுத்தியதே, அந்த இடத்தில் இது ஒரு சிறு மருந்து.

நான்காவது, சுற்றி வளைத்த வாக்கியம். ‘எனக்குத் தெரியப்படுத்துங்கள்’ என்பதற்கு, ‘எனக்குத் தெரியும்படி செய்யுங்கள்’ என்று நாலைந்து சொல்லில் எழுதியிருந்தேன். பெரியவர் இரண்டு எழுத்து ஒட்டு ஒன்றைச் சேர்த்து முடித்திருந்தார்: ‘ஸவீகெஃஸ் அ மெ.’ ‘இக்’ என்ற ஒட்டு பிறவினை. அறி, அறிவி. ஸவார், ஸவிகார். இங்கே ‘அ மெ’ சரி, ஏனென்றால் அறிவிப்பது எனக்குத்தானே. அறி என்ற வினையை நான் பிடித்துக்கொண்டதன் முழுப் பயனும் இந்த ஒட்டுகளில்தான் தெரிந்தது. ‘எஸ்க்’ சேர்த்தால் தொடங்குவது: ‘மெ ஸவேஸ்கிஸ்’ என்றால் எனக்குத் தெரிய வந்தது. ‘எஸ்’ சேர்த்தால் செயப்பாட்டு: ஸவேஸஸ், அறியப்படுகிறது. ஒட்டுப் பட்டியலைப் பார்த்து மொத்தமாக உருப்போட முயன்று இரண்டு முறை தோற்றுப்போனேன். ஸவாரோடு ஒவ்வொன்றாக ஒட்டிப்பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் சரியான வடிவம் என்ன என்று எதிர்ப்பக்கத்தில் எழுதியபோதுதான் நிலைத்தது. தமிழ் வடிவம் கிடைக்காத ஒட்டை நான் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒட்டுவது சுகமாக இருக்கிறது என்று பெயர்ச்சொற்களின் பின்னால் நேராக ‘ஆர்’ ஒட்டிவிடக் கூடாது. லேத்ரொ என்றால் கடிதம். நான் லெத்ரார் என்று ஒரு வினை செய்து ‘கடிதம் எழுதினேன்’ என்ற பொருளில் அனுப்பிவிட்டேன். கூத்யூரா இதில் கறார். ஒரு வேரிலிருந்து இன்னொன்றை உண்டாக்கினால் அதே வழியில் திரும்பி வர முடிய வேண்டும் என்பது அவர் கொள்கை. மர்தேலொ என்றால் சுத்தியல். சுத்தியலால் அடிக்க மர்தெலார் என்று சொல்ல முடியாது, நடுவில் ‘அக்’ சேர்த்து மர்தெலகார் என்றாக வேண்டும். கடிதத்துக்கு எந்த ஒட்டும் வேண்டாம், ‘எழுது’ என்ற வினையைத்தான் போட வேண்டும்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. நோட்டில் ஸவார் இருபத்திரண்டு பக்கம் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த வினைகள் எதுவும் மூன்று பக்கத்தைத் தாண்டவில்லை. விகுதியும் ஒட்டும் ஏற்கெனவே கையில் இருப்பதால் வேரும் பொருளும் மட்டும் எழுதினால் போதுமாக இருக்கிறது.

போன பொங்கல் சமயத்தில் பெரியவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இடோவில் ஒருவரை முன்னிலையில் அழைக்க ‘து’ என்றும் ‘வு’ என்றும் இரண்டு உண்டு. நீ, நீங்கள் மாதிரியே. இவ்வளவு நாள் அவர் என்னையும் நான் அவரையும் ‘வு’ என்றே எழுதிவந்தோம். ‘இனிமேல் நாம் இருவரும் து என்று எழுதிக்கொள்ளலாமா, நாம் நண்பர்கள் ஆகிவிட்டோமே’ என்று கேட்டிருந்தார். படித்ததும் மனசு நிறைந்துபோனது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. என் அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை எப்படி நீ என்பது? நான்கு நாள் கழித்து, எங்கள் ஊரில் வயதில் பெரியவர் நம்மை நீ என்பார், நாம் அவரை நீங்கள் என்போம், அதில் நட்புக்குக் குறைவில்லை என்று விளக்கி எழுதினேன். அவர் ஒப்புக்கொண்டார். இப்போது அவர் கடிதத்தில் ‘து ஸாவஸ்’, என் கடிதத்தில் ‘வு ஸாவஸ்’. வா என்று எழுதும்போது மட்டும் அவருக்கும் எனக்கும் ஒரே வேனெஃஸ்.